துளைவழி ஓட்டம்: வர்க்கமூலமா, நேர்விகிதமா?

கூரிய விளிம்புள்ள 1 மி.மீ. துளையில் வெளியேறும் நீருக்கு, அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைக் கொள்ளும் பழைய சூத்திரமே போதும்: வெளியேற்றக் கெழுவை (கணக்கில் வரும் ஓட்டத்தில் உண்மையில் வெளியேறும் பங்கை) 0.62 என்று வைத்தால் 1 பாரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.41 லிட்டர், 4 பாரில் அதன் இருமடங்கு.

கம்ப்ரஸர் காற்றுக்கும் இதையே போடுவதுதான் தவறு. நுழைவாய் வழவழப்பாக வளைந்த துளையில், வெளிப்புற அழுத்தம் உட்புறத்தின் 0.528 மடங்குக்குக் கீழே இறங்கியதும் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடுவதால், வெளியே அழுத்தத்தை மேலும் குறைத்துப் பயனில்லை. வெப்பநிலை மாறாதவரை, ஓட்டம் உட்புறத் தனி அழுத்தத்துக்கு (வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்டு அளக்கும் அழுத்தம்) நேர்விகிதத்தில் மட்டுமே கூடும். அழுத்தமானியின் முள் 3 பாரிலிருந்து 7 பாருக்கு நகர்ந்தால், வளிமண்டலத்தின் 1 பாரையும் சேர்த்து (பலர் மறப்பது இதைத்தான்) 4 என்பது 8 ஆகிறது; கசியும் காற்றின் நிறையும் இரட்டிக்கிறது. நீர்ச் சூத்திரமோ ஒன்றரை மடங்கு என்றே காட்டும்.