உப்பு நீர் நீச்சல் குளமா, குளோரின் குளமா?

உப்பு நீர்க் குளத்தில் குளோரினே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. லிட்டருக்கு 3 முதல் 3.5 கிராம் உப்பு கரைந்த நீர் செல் (மின்சாரம் பாயும் தகடுகள் கொண்ட கருவி) வழியாக ஓடும்போது, மின்சாரம் அதிலிருந்தே குளோரினை உண்டாக்குகிறது. கடல்நீரில் சுமார் 35 கிராம் என்பதால், இது வாயில் பட்டாலும் பெரிதாகக் கரிக்காது.

நாமே குளோரின் போடுவதில் தொடக்கச் செலவு குறைவு. ஆனால் நான்கு நாள் மறந்தால் வெயில் காலத்தில் தண்ணீர் பச்சை பிடித்துவிடும். உப்பு முறையில் அந்தத் தொல்லை குறைவு. குளோரின் அளவும் சீராக இருக்கும். சரி, சிக்கல் எங்கே? செல்லில்தான். தகடுகளில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும்; சில ஆண்டுகளில் செல்லையே மாற்ற வேண்டும், அது மலிவல்ல. நீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) ஏறிக்கொண்டே போகும், அமிலம் ஊற்றி இறக்க வேண்டும். இரும்பு ஏணி இருந்தால் நான் உப்பு பக்கமே போக மாட்டேன்.