பழைய டெம்போ டிராவலர் கேம்பர்: இழுவை குறைந்தால் எங்கிருந்து பார்ப்பது?

இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திய பழைய டெம்போ டிராவலரைச் சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். இதுபோல ஒன்று வாங்க நினைக்கிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "மலை ஏறுமா?" என்பதுதான்.

ஏறும், மெதுவாக. என் வண்டியில் இருப்பது மெர்சிடிஸ் ஓஎம்616 வழிவந்த 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லை, சென்சார் இல்லை, இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். ஸ்கேனரை மாட்டிக் கோளாறைப் படிக்க வழியில்லை என்றாலும், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் எந்த ஊரிலும் கை வைக்கலாம். வீட்டிலிருந்து தூரமாக வண்டியிலேயே படுத்து எழுகிறவனுக்கு இது பெரிய நிம்மதி.

எனக்கு நீண்ட நாள் தொல்லை கொடுத்தது ஒரே பிரச்சினை. சமவெளியில் நன்றாக ஓடும் வண்டி, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது பாதி வழியில் சோர்ந்துவிடும். 40 கொண்டை ஊசி வளைவு உள்ள சாலை அது. முதல் சில வளைவுகளில் ஒன்றும் தெரியாது. அப்புறம் மூன்றாவது கியர் இழுக்காது, கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் திணறும். ஓரமாக நிறுத்தி டீ குடித்துவிட்டு எடுத்தால் மறுபடி சுறுசுறுப்பாக ஏறும். டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கும். ஒரு பட்டறையில் பம்ப்பை இறக்கி ஓவர்ஹால் செய்ய வேண்டும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் மாற்ற வேண்டும் என்றார்கள். செலவைக் கேட்டதும் இன்னொருவரிடமும் காட்டிவிடலாம் என்று தோன்றியது.

பொள்ளாச்சிப் பக்கம் டிராக்டர் வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் முதலில் கேட்டது, "திணறும்போது பின்னாடி புகை வருதா சார்?" என்றுதான். வரவில்லை என்றேன். "அப்ப பம்ப்புக்கே டீசல் பத்தல. டேங்க்ல இருந்து பார்த்துட்டு வருவோம்" என்றார்.

டீசல் வண்டி வைத்திருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஏற்றத்தில் கரும்புகை தள்ளினால் டீசல் போகிறது, காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரில் ஆரம்பித்து நாசில் வரை பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நின்றபாடில்லை என்றால் டைமிங், கம்ப்ரஷன், ஹெட் கேஸ்கெட் பக்கம் சந்தேகப்படலாம். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் பெரும்பாலும் டீசல் வரத்துதான்.

அடுத்து ஒரு சோதனை. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, ஆடாமல் கட்டி வைத்து, ஃபீட் பம்ப்புக்கு (டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி மெயின் பம்ப்புக்குத் தரும் சின்ன பம்ப்) வரும் ஹோஸைக் கழற்றிக் கேனிலிருந்து நேராக எடுக்க விட்டோம். மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸும் கேனுக்கே. அதே ஏற்றத்தில் வண்டி முணுமுணுக்காமல் ஏறியது. ஆக பம்ப், நாசில், இன்ஜின் எல்லாம் சரி. கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில். (பெட்ரோல் வண்டியில் இதை முயற்சிக்கவே வேண்டாம், தீப்பிடிக்கும்.)

மறுபடி டேங்கிலிருந்தே ஓட்டி, வண்டி திணற ஆரம்பித்ததும் நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்தோம். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. டேங்குக்குக் காற்று விடும் சின்னக் குழாயின் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது, கல் மாதிரி இறுகிப்போய். டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஃபீட் பம்ப் இழுக்க முடியாமல் தவித்திருக்கிறது. நின்றால் மெல்லக் காற்று கசிந்து சரியாகிவிடும். கேம்பர்கள் மாதக்கணக்கில் சும்மா நிற்பதால் இதற்கு வாய்ப்பு அதிகம். டேங்கைக் கழுவியபோது அடியில் துருவும் தண்ணீரும் வழவழப்பான கசடும் வந்தன. இப்போது நிறுத்தும் முன் டேங்கை நிரப்பிவிடுகிறேன். காலியிடம் இருந்தால்தானே ஈரம் படியும்.

காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது மட்டும் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. ஃபீட் பம்ப்புக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடி ட்யூபைப் போட்டுப் பார்த்ததில் குமிழி குமிழியாகக் காற்று ஓடியது. கிளாம்புக்கு அடியில் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. அது உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஹோஸ், கிளாம்ப், காப்பர் வாஷர், இரண்டு டீசல் ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றி, ஹேண்ட் பம்ப் அடித்து, லைனில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றினோம். பம்ப் ஓவர்ஹாலுக்குச் சொன்ன தொகையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் ஊட்டியில் வண்டி கொஞ்சம் மந்தம்தான். அது கோளாறு அல்ல. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத இன்ஜின் அதற்கேற்ற பலத்தைத்தான் காட்டும். போதாததற்கு நாம் ஏற்றும் பாரம்: நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. மலையேறும் முன் தொட்டியைக் கால்வாசியாக்கிவிடுகிறேன், வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள், விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் போய், பானெட்டைத் தொட்டு இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைப் போட்டு எவ்வளவு நேரம் சுற்றி எடுக்கிறது, என்ன நிறத்தில் புகை வருகிறது என்று கவனியுங்கள். அப்புறம் ஏற்றமான சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். தெருமுனை வரை போய்த் திரும்பினால் என் வண்டியில் இருந்த கோளாறு தெரிந்திருக்காது.