பழைய காருக்கு மூன்று விலைகள்: எதை நம்பி விற்பது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் காரை விற்க நினைப்பவர் கையில் மூன்று விலைகள் இருக்கும்: காப்புறுதிப் பத்திரத்தில் அச்சாகியிருப்பது, இணைய விளம்பரங்களில் மற்றவர்கள் கேட்பது, பழைய கார் வியாபாரி நேரில் பார்த்துச் சொல்வது. ஒரே காருக்கு இவை ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) வேறுபடும்.

காப்புறுதி விலையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கார் திருடுபோனாலோ முற்றாகச் சேதமடைந்தாலோ கிடைக்கும் இழப்பீட்டுக்காகக் குறிக்கப்படும் தொகை அது; வாங்க வருபவரை அது கட்டுப்படுத்தாது. இழப்பீடு கோராதவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் 55 விழுக்காட்டு என்சிடி கழிவையும் சிலர் பேரத்தில் சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு உரிமையாளருக்கு உரியது; காரோடு போகாது.

இணைய விளம்பரங்கள் பயன்படும், ஆனால் பொறுமையாகப் படிக்க வேண்டும். பெரோடுவா நிறுவனத்தின் சிறிய காரான மைவியின் மூன்றாம் தலைமுறை 2017 நவம்பரில்தான் வெளிவந்தது. ஆகவே அந்த ஆண்டு மைவியைத் தேடினால் பழைய உருவமும் புதிய உருவமும் கலந்தே வரும், அவற்றின் சராசரி எந்தக் காருக்கும் பொருந்தாது. உருவம், 1.3 அல்லது 1.5 இயந்திரம், கியர் வகை, ஓடிய தூரம் ஆகியவை ஒத்திருக்கும் பத்து விளம்பரங்களைக் குறித்துக்கொண்டு ஒரு மாதம் கவனித்தால், எவை சீக்கிரம் மறைகின்றன, எவை விலை இறங்கி இறங்கியும் நிற்கின்றன என்பது தெரியும். நின்றுகொண்டே இருக்கும் விலைக்கு ஆளில்லை; அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

வியாபாரி சொல்வது எப்போதும் குறைவாகவே இருக்கும். பழுதுபார்ப்புச் செலவு, கார் விற்கும்வரை முடங்கும் பணம், தம் லாபம் எல்லாவற்றையும் கழித்தே அவர் பேசுகிறார். இருந்தாலும், உங்கள் காரையே பார்த்துச் சொல்லும் விலை அது ஒன்றுதான். என் மச்சானின் மைவியைப் பார்க்க வந்த வியாபாரி மீட்டரை ஒரு முறைதான் பார்த்தார். பிறகு பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கி, மாற்றுச் சக்கரம் இருக்கும் பள்ளத்தில் விரலை ஓட்டி, ஒட்டிய செம்மண்ணைக் காட்டி 1,500 வெள்ளியைக் குறைத்தார். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடிய கார் அது. மீட்டரில் தூரம் குறைவு, ஆனால் சாலை அதிர்வைத் தாங்கும் புஷ்ஷும் அப்சார்பரும் தேய்ந்திருந்தன. அவற்றை மாற்றப் பட்டறையில் 800 வெள்ளிதான் கேட்டார்கள். மச்சான் மாற்றினார், ரசீதைக் காட்டி, பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும் ஓர் ஆசிரியருக்கு நேரடியாகவே விற்றார். வியாபாரி முதலில் சொன்னதைவிடக் கூடுதலாகவே கிடைத்தது.

எனவே இரண்டு மூன்று வியாபாரிகள் தரும் விலைகளில் உயர்ந்ததைத் தரையாகவும், விரைவில் மறையும் விளம்பரங்களின் விலையைக் கூரையாகவும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். தோட்டச் சாலையில் ஓடிய கார் என்றால், பழுது பார்க்காதவரை தரையை ஒட்டியே எதிர்பார்ப்பது நல்லது.

கடன் பாக்கி இருந்தால், விலை பேசும் முன்பே, இன்று கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒன்பது ஆண்டுத் தவணையில் ஆரம்ப ஆண்டுகளில் கட்டிய பணத்தில் கணிசமான பங்கு வட்டிக்கே போயிருக்கும். மூன்றாம் ஆண்டில் விற்பவருக்கு, மிக நல்ல விலை கிடைத்தும் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம்.