டோனர் போர்டுக்கு எந்தத் தாள்: வாரப் பத்திரிகையா, போட்டோ பேப்பரா, மஞ்சள் தாளா?

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால் அப்பளம் மட்டுமா, தாளும் நமத்துப்போகும். வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்யும் டோனர் முறைக்குத் தாள்தான் உயிர்: சர்க்யூட் கோடுகளைத் தாளில் அச்சடித்து, செம்பு பூசிய போர்டில் கவிழ்த்துச் சூடாகத் தேய்த்தால் டோனர் செம்பில் ஏறும்; தாளை ஊறவைத்து எடுத்துவிட்டு, டோனர் மூடாத செம்பைக் கரைத்துவிட வேண்டும். போன ஆனியில் 555 ஐசி (டைமர் சிப்) போட்ட ஒரு போர்டுக்காக மூன்று வகைத் தாளையும் அயர்ன் பாக்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். இப்போது என் கை தானாகப் போவது பழைய வாரப் பத்திரிகையின் வழவழப்பான தாளுக்குத்தான்.

சாதா ஏ4 வேண்டவே வேண்டாம். டோனர் நாரில் ஊறிக்கொண்டு வராது. லேசர் பிரிண்டர்தான் வேண்டும் என்பதும் தெரிந்ததே. டோனர் என்பது பிளாஸ்டிக் பொடி. சூட்டில் இளகிச் செம்பில் ஒட்டுகிறது.

ஒட்டுவதில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் தாளை எடுக்கும்போது. இன்க்ஜெட் போட்டோ பேப்பரில் கோடுகள் கறுகறுவென்று அருமையாக விழுந்தன. ஆனால் அரை மணி நேரம் ஊறவைத்தும் அடிநார் போகவில்லை. ஐசியின் கால்களுக்கு நடுவே 2.54 மி.மீ.தான் இருக்கிறது, அதில் பேட் (காலைப் பற்றவைக்கும் செம்புப் பொட்டு) போக மிஞ்சுவது நூலிழை. ஈரத்தில் பார்த்தால் அந்த இடம் சுத்தமாகத்தான் தெரியும். காய்ந்ததும் வெள்ளையாக ஒரு படலம் எழும். அதைக் கவனிக்காமல், செம்பைக் கரைக்கும் பெர்ரிக் குளோரைடில் போட்டேன். படலத்தின் அடியில் செம்பு கரையாமல் நின்று, இரண்டு கால்கள் ஒட்டிக்கொண்டன. பிளேடால் கீறிப் பிரித்தது தனிக்கதை.

பத்திரிகைத் தாள் மெலிசு. அதன் பளபளப்பு களிமண் மாதிரியான மேல்பூச்சு, தண்ணீரில் இளகிவிடும். பத்து நிமிடம் ஊறியதும் கட்டைவிரலால் தேய்த்தால் திரிதிரியாக உருண்டு வரும். மிச்சத்துக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். என் தாளில் ஒரு நகைக்கடை விளம்பரம் இருந்தது. அந்த மை செம்பில் ஏறவில்லை, டோனர் மட்டுமே ஏறியது. சாரல் நாளில் ஒரே ஒரு கூடுதல் வேலை: அச்சடிக்கும் முன் வெறுந்தாளை அயர்ன் பாக்ஸால் ஒருமுறை தேய்த்து ஈரத்தைப் போக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் கொப்புளம் எழும்பிக் கோடு அறுந்துபோகும்.

இந்த வேலைக்கென்றே விற்கும் மஞ்சள் டிரான்ஸ்பர் தாள் தண்ணீர் பட்டதும் தானே கழன்று மிதக்கிறது, பார்க்கவே அழகு. ஆனால் நான் தேய்த்தது நாலே தாள். அதில் ஒன்று மடங்கியதில் டோனர் உதிர்ந்தது. கைப்பழக்கக் குறையாகவும் இருக்கலாம். தவிர, இங்கே கடையில் கிடைக்காது, வரவழைக்க வேண்டும்.

பத்திரிகைத் தாளுக்கு உள்ள ஒரே தொல்லை ஜெராக்ஸ் கடை. “தம்பி, இத உள்ள விட்டா மிஷின் என்னத்துக்கு ஆகும்?” என்றார் அண்ணாச்சி. ஸ்டேப்ளர் பின் குத்திய ஓட்டை இல்லாத பக்கமாகப் பார்த்து, ஸ்கேல் வைத்து ஏ4 அளவுக்கு வெட்டிக் கொடுத்ததும் கைவழி டிரேயில் ஒவ்வொன்றாக விட்டார். போட்டோ பேப்பரை மட்டும் இன்றுவரை தொடமாட்டேன் என்கிறார். அதுவும் நியாயம்தான், சிலவற்றின் பிளாஸ்டிக் பூச்சு லேசர் பிரிண்டரின் சூட்டில் உருகி உருளையில் சுற்றிக்கொள்ளும்.