ஃப்ரீபிஎஸ்டி ஃபயர்வால்: கெர்னலை கம்பைல் செய்வதா, மாட்யூல் ஏற்றுவதா?

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மையப் பகுதிதான் கெர்னல்; அதோடு தயாராக வரும் ஜெனரிக் கெர்னலில் ஃபயர்வால் உள்ளே சேர்ந்து வருவதில்லை. ஐபிஎஃப்டபிள்யூ, பிஎஃப் என்ற இரண்டு ஃபயர்வால்களும் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் மாட்யூலாக இருக்கின்றன. பாக்கெட்டைத் தடுக்கவும் நாட் (பல கணினிகள் ஒரே இணைய முகவரியைப் பகிர்வது) போடவும் அதுவே போதும். சிக்கல் பேண்ட்விட்த்தைப் பங்கு போடும்போதுதான். பிஎஃப்போடு சேர்ந்து இயங்கும் ஆல்ட்க்யூ மாட்யூலாகக் கிடைக்காது, சோர்ஸிலிருந்து கெர்னலை கம்பைல் செய்தே ஆகவேண்டும். அதே வேலையைச் செய்யும், ஐபிஎஃப்டபிள்யூவின் துணையான டம்மிநெட் மாட்யூலாகவே ஏறிவிடும்.

எங்கள் அலுவலகத்தை இணையத்தோடு இணைக்கும் கேட்வேயில் முதலில் ஆல்ட்க்யூதான் வைத்திருந்தேன். கம்பைல் செய்வது பெரிய வேலையில்லை. புதுக் கோப்பில் 'இன்க்ளூட் ஜெனரிக்' என்று ஒரு வரி, கீழே ஆல்ட்க்யூ ஆப்ஷன்கள் நாலைந்து, அப்புறம் பில்ட்கெர்னல், இன்ஸ்டால்கெர்னல், ரீபூட். பழைய கெர்னல், கெர்னல்.ஓல்ட் என்று பக்கத்திலேயே இருக்கும். அடுத்த இன்ஸ்டால் அதன்மேல் எழுதிவிடும் என்பதால் நல்ல ஜெனரிக் ஒன்றை வேறு பெயரில் எடுத்து வையுங்கள்.

என்னை மாற்றியது பராமரிப்பு. ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் என்ற கட்டளை, ஜெனரிக் கெர்னலுக்கு மட்டும்தான் திருத்தத்தை பைனரியாகத் தரும். சொந்தக் கெர்னல் என்றால் சோர்ஸைப் புதுப்பித்துவிட்டு நின்றுவிடும், கம்பைல் நம் பொறுப்பு. ஒருமுறை கெர்னலுக்கான பாதுகாப்புத் திருத்தம் வந்தது. அப்டேட் ஓட்டினேன், ரீபூட் செய்தேன், முடிந்தது என்று இருந்துவிட்டேன். பல நாள் கழித்து ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன் கட்டளை கொடுத்துப் பார்த்தால் யூசர்லேண்டுக்கு, அதாவது கெர்னலுக்கு வெளியே உள்ள நிரல்களுக்கு, புது பேட்ச் எண், கெர்னலுக்குப் பழைய எண். இணையத்தைப் பார்த்து நிற்கும் பெட்டி அத்தனை நாளும் ஓட்டையோடு ஓடியிருக்கிறது. அந்த வாரமே டம்மிநெட்டுக்கு மாறினேன்.

விதிகளை ஐபிஎஃப்டபிள்யூவுக்காக மாற்றி எழுதியதில் இரண்டு மாலை போயின. பிஎஃப் விதிகள் படிக்க இன்னும் தெளிவு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று கவனம்: ஐபிஎஃப்டபிள்யூ ஏறியதும் 65535ஆம் விதி எல்லாவற்றையும் மறுக்கும். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து ஏற்றினால் தொடர்பு அந்த நொடியே அறுந்துவிடும். முன்கூட்டியே, பூட் ஆகும்போது படிக்கப்படும் லோடர்.கான்ஃப் கோப்பில் டிஃபால்ட்_டு_அக்செப்ட் மதிப்பை 1 ஆக்கி வைத்தால் போதும், இதற்கும் கம்பைல் வேண்டாம்.

என் அனுபவம் 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஒன்றோடு சரி. அண்மைப் பதிப்புகளில் பிஎஃப்பே டம்மிநெட்டைப் பயன்படுத்தும், நான் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. ஆல்ட்க்யூவின் எச்எஃப்எஸ்சி (பேண்ட்விட்த்தைப் படிநிலையாகப் பங்கிடும் முறை) போன்ற நுணுக்கம் கட்டாயம் வேண்டும் என்றால் கம்பைல் செய்யுங்கள். ஆனால் திருத்தம் வரும் அன்றே பில்ட்கெர்னல் ஓட்ட அலுவலகத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.