சன்ஷேடு வெடித்தால்: பூசுவதா, கொத்துவதா, இடிப்பதா?

கடலோரத்தில் வீடு இருப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. சன்ஷேடின் அடியில் முதலில் பழுப்புக் கறை வரும். அப்புறம் நூல் பிடித்தாற்போல் நேராக ஒரு விரிசல். அடுத்த மழைக்காலத்தில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும். எங்கள் திருவான்மியூர் வீட்டில் அப்படிப் பெயர்ந்த துண்டு, துணி காயப்போடும் இடத்தில் கிடந்தது. உள்ளங்கை அளவுதான். ஆனால் அங்கே அம்மா நின்றிருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

எல்லா விரிசலுக்கும் பயப்பட வேண்டியதில்லை. வலைபோலப் பரவும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்கியதால் வருவது. கம்பி போகும் திசையிலேயே ஓடி, துருக்கறை கசிந்தால்தான் கவலைப்பட வேண்டும். சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. டொப்பென்றால் உள்ளே பிரிந்துவிட்டது. இரும்பு துருவானால் 2 முதல் 6 மடங்கு வரை பருக்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் பிளக்கிறது.

சரி, என்ன செய்வது? முதலில் எல்லோரும் சொல்வது சிமெண்ட் வைத்துப் பூசிவிடுவது. ஒரே நாளில் முடியும், செலவும் குறைவு. நாங்களும் அதைத்தான் செய்தோம், இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. துரு உள்ளே தொடர்ந்தது, விரிசல் மட்டும் கண்ணுக்கு மறைந்தது. துருப்பிடித்த கம்பிக்கு இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, கம்பி வரை கொத்திச் சரிசெய்வது. இதில் பாதிக்கிணறு தாண்டுகிறவர்கள்தான் அதிகம். கம்பியின் முன்பக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடுவார்கள். கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழைய, சுமார் 20 மி.மீ. கொத்த வேண்டும். நீளவாக்கில், துரு இல்லாத கம்பி தெரியும் வரை போக வேண்டும். அப்புறம் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுத்தமாக எடுத்து, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையை அடுக்கடுக்காக ஏற்றி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பி நன்றாக மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. உப்பு ஏறிய பழைய கான்கிரீட்டை விட்டுவைத்தால், ஒட்டுப்போட்ட இடம் நன்றாக இருக்க, அதன் ஓரத்தில் புதிதாகத் துரு கிளம்பும். முன்பு கெட்டுப்போன பகுதி தான் துருப்பிடித்துப் பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. அதனால் நாலைந்து இடத்தில் மட்டும் வெடிப்பு என்றால் இந்த வழி சரி. முழு நீளமும் டொப்பென்றால் பணம் வீண்.

அப்போது மூன்றாவது வழி, இடித்துப் புதிதாக வார்ப்பது. செலவும் தூசியும் அதிகம்தான். ஆனால் சன்ஷேடு சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்பது. அதைத் தாங்கும் முக்கியக் கம்பி மேல்பக்கத்தில் இருக்கும். நாம் அடியையே பார்த்துக்கொண்டிருப்போம். மேலே, சுவரை ஒட்டி விரிசல் இருந்தால் கொத்திப் பார்க்கும் விஷயமே இல்லை. முதலில் அடியில் முட்டு கொடுங்கள், பிறகு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். முட்டு இல்லாமல் மேல்பக்கம் உளி வைத்தால் ஆளோடு சேர்ந்து விழும்.

எங்கள் வீட்டில் வடக்குப் பக்கத்தைக் கொத்திச் சரிசெய்தோம். கடலைப் பார்த்த கிழக்குப் பக்கத்தை இடித்துவிட்டோம். புதிதாக வார்க்கும்போது கவரில், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமனில், கறாராக இருங்கள். கடலோரக் காற்று படும் கான்கிரீட்டுக்கு, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456:2000 சொல்வது 45 மி.மீ. கவர், குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரத்தில் கலவை. வழக்கமான மெல்லிய சன்ஷேடில் இந்தக் கவர் அடங்காது, அதனால் தடிமனை இன்ஜினியரிடம் முன்பே பேசி முடிவுசெய்யுங்கள். கம்பி கட்டியதும் டேப் வைத்து அளந்து பாருங்கள். கான்கிரீட் கொட்டும்போது மேல்கம்பியை யாரும் மிதிக்கவிடாதீர்கள். மிதித்தால் அது கீழே இறங்கிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.