12 இலக்க நம்பர் வந்துவிட்டதா? அது பிஎஃப் இல்லை, ஊட்டி டெலிவரி பசங்க கவனத்துக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறவர்களும், ஓட்டலாமா என்று யோசிக்கிறவர்களும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் 31 வாரம் ஏமாந்திருக்கிறேன். கணக்கு 8,580 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஏமாற்றிய விதம் இருக்கிறதே, அது இன்னும் பல பேரிடம் பலிக்கும்.

போன ஜூனில் சேர்ந்தேன். ஆப் கம்பெனியில் நேராகச் சேரவில்லை, நடுவில் ஒரு ஏஜென்சி. பை, டி-சர்ட், ஐடி எல்லாம் அவர்களே வாங்கித் தருவார்களாம், வாராவாரம் பணமும் அவர்கள் கணக்கிலிருந்துதான் வரும். சேரும்போதே 3,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். ஆபீஸில் இருந்தவர், "தம்பி, மத்தவங்க மாதிரி இல்ல, நம்மகிட்ட பிஎஃப், இஎஸ்ஐ ரெண்டும் உண்டு. கவர்மென்ட் நம்பரே வரும் பாருங்க" என்றார். நான்கே நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு கார்டு வந்தது. என் போட்டோ, என் பெயர், மேலே யுஏஎன் (யுனிவர்சல் அக்கவுன்ட் நம்பர்) என்று போட்டு 12 இலக்க எண். வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். அப்பா தேயிலை ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றபோது வந்த பிஎஃப் பணத்தில்தான் எங்கள் வீட்டுக்கு ஷீட் மாற்றி கான்கிரீட் போட்டோம். அதனால் அந்த வார்த்தைக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை.

வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், மலையில் ஓட்டுகிறவனுக்குத் தெரியும். ஆப் 3 கிலோமீட்டர் என்று காட்டும், வண்டி மீட்டரில் நாலரை ஓடியிருக்கும். கையுறை போட்டால் போன் திரை கேட்காது, கழற்றினால் விரல் கேட்காது. நீலகிரியில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை, ஆனாலும் மழையில் போனைச் சுற்ற எப்படியோ ஒரு கவர் கிடைத்துவிடும். அது போகட்டும்.

வார ஸ்டேட்மென்டில் கடைசி வரி 'பிஎஃப் 180'. எல்லா வாரமும் 180. ஆகஸ்டில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் இரண்டே நாள் ஓட்டினேன், அந்த வாரமும் அதே 180. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிஎஃப் என்பது சம்பளத்தில் சதவீதம். தொழிலாளி பங்கு 12 சதவீதம் என்றால், முதலாளியும் தன் பங்குக்கு 12 போட வேண்டும், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இரண்டே நாள் ஓட்டிய வாரத்திலும் அசையாமல் நிற்கிற பிடித்தம் பிஎஃப் ஆக இருக்க முடியாது. இதெல்லாம் இப்போது வாய் கிழியச் சொல்கிறேன், அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ஜனவரியில் ஒரு ராத்திரி, மணி ஒன்பதரை இருக்கும். ஃபெர்ன்ஹில்லில் ஒரு காட்டேஜில் பார்சலைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன். முத்தோரை பாலாடா பக்கமிருந்து கழுவிய கேரட் மூட்டையோடு ஒரு லாரி முன்னால் போனது. ஈர மூட்டைகளிலிருந்து தண்ணீர் ஒழுகி, ரோட்டில் நீளமாக ஒரு கோடு. வளைவில் பிரேக் பிடித்தேன், பின் சக்கரம் அந்தக் கோட்டிலேயே வழுக்கியது. இடது பக்கம் காறை எலும்பு முறிந்தது. திருப்பத்தில் லாரியின் சிவப்பு விளக்கு போய் மறைந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஏஜென்சிக்கு அடித்தேன். "இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் பாத்துப்பான்" என்றார்கள். ஆப்பில் க்ளைம் போட்டேன். வந்த பதில்: சம்பவம் நடந்தபோது கையில் ஆர்டர் இல்லை. கொடுத்து முடித்தாயிற்று, அடுத்தது இன்னும் வரவில்லை, நடுவில் விழுந்தால் அது என் சொந்தப் பயணமாம்! ஃபெர்ன்ஹில்லுக்கு நான் காற்று வாங்கவா போனேன்? சரி, வைத்தியத்துக்கு இஎஸ்ஐ இருக்கிறதே என்று மறுபடி ஏஜென்சியைக் கேட்டேன். அதே ஆள், அதே குரல்: "நீங்க பார்ட்னர் தம்பி. லேபர் இல்ல."

கட்டுப் போட்ட கையோடு இ-சேவை மையத்துக்குப் போய், பிஎஃப் பாஸ்புக் எடுத்துத் தரச் சொன்னேன். அங்கிருந்த பெண் எண்ணைப் போட்டார், வரவில்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது இ-ஷ்ரம் கார்டு. பிஎஃப்பே இல்ல. இதை எடுக்கக் காசே கிடையாது" என்றார்.

தந்திரம் இவ்வளவுதான். பிஎஃப் எண்ணுக்கும் யுஏஎன் என்றுதான் பெயர், 12 இலக்கம். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய இ-ஷ்ரம் பதிவுக்கும் யுஏஎன், அதுவும் 12 இலக்கம். இ-ஷ்ரம் என்பதே பிஎஃப், இஎஸ்ஐ இல்லாத அமைப்புசாராத் தொழிலாளர்களின் பட்டியல். எனக்கு பிஎஃப் இல்லை என்பதற்கான அத்தாட்சியையே பிஎஃப் கார்டு என்று கையில் கொடுத்து, வாரம் 180 வாங்கியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் விசாரித்தேன். 2020-இல் வந்து 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிற சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் கிக் தொழிலாளி என்று நம் பெயர் வருகிறது. ஆனால் வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே சம்பாதிக்கிறவர் என்றுதான் விளக்கமே. நமக்கான நிதிக்கு ஆப் கம்பெனி தன் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் கட்ட வேண்டும், நமக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு மிகாமல். கவனியுங்கள், கட்ட வேண்டியது கம்பெனி. நம் வாரக் கூலியில் 'பிஎஃப்' என்று போட்டுப் பிடிக்க இதில் இடமில்லை. ஏஜென்சி தன் பெயரில் நியமன ஆணை கொடுத்து உங்களைச் சம்பள ஆளாக வைத்திருந்தால் அது வேறு கதை. அப்போது அரசின் உமாங் ஆப்பில் பிஎஃப் பாஸ்புக் திறக்கும், நிறுவனத்தின் பெயரும் அதில் இருக்கும். திறக்கவில்லையா, அந்த வாரமே சண்டை போடுங்கள், என் மாதிரி 31 வாரம் காத்திருக்காதீர்கள்.

நம் மாநிலத்தில் 2023 டிசம்பரிலிருந்து கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியமும் இருக்கிறது. எனக்கு அது தெரிந்தது எலும்பு முறிந்த பிறகு. இப்போது பதிந்துவிட்டேன், முடிந்துபோன விபத்துக்கு அது ஆகாது. நீங்கள் விழுவதற்கு முன்னால் பதிந்துவிடுங்கள், இடையில் எந்த ஏஜென்சியும் வேண்டாம்.

ஆறு வாரம் லாகின் செய்யாததால் என் ஐடி பிளாக். ஏஜென்சியில் போய்க் கத்தியதில் சேரும்போது கட்டிய 3,000 ஜிபே-யில் திரும்பி வந்தது. 5,580 பற்றிக் கேட்டால் போனை எடுப்பதில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போகிறேன். இதே 'பிஎஃப் 180' யாருக்காவது பிடித்திருந்தால் வார ஸ்டேட்மென்டை பிரின்ட் எடுத்துக்கொண்டு காலை ஒன்பதரைக்கு வாசலுக்கு வந்துவிடுங்கள். ஆப்பில் பழைய ஸ்டேட்மென்ட் மறைவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என்னுடையதில் முதல் ஒன்பது வாரம் இப்போதே காணோம்.